மாடியில் பெண்களுக்கு மட்டும்

போன சனிக்கிழமை பின்னேரம் தங்கச்சி மலர் என்னை ஒரு பந்துருட்டும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைத் தொப்பி போட்ட கிழவர்கள் புல்வெளியில் பந்து உருட்டும் இந்தக் கழகங்கள் சிட்னியில் ஊருக்கு ஒன்று உண்டு. கிழவர்கள் குறையக் குறைய மண்டபத்தை வாடகைக்கு விடுகிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெண்ணை விரும்பும் பெண்களும் ஆணை விரும்பும் ஆண்களும், இந்த இரண்டு பெட்டியிலும் அடங்காதவர்களும், அவர்களுடைய தாய் தகப்பன்மாரும் அங்கே கூடி ஆடிப் பாடுகிறார்கள். நடத்துவது இந்தியப் பிள்ளைகளும் இலங்கைப் பிள்ளைகளும். போன முறை ஒரு நாயும் வந்திருந்தது.

வழி முழுக்க நான் வழமைபோலக் கவலைப்பட்டுக்கொண்டு போனேன். கார் நிறுத்த இடம் கிடைக்குமா, சத்தம் கூடுதலாக இருக்குமா, கழிப்பறை துப்புரவாக இருக்குமா என்று. “அண்ணா, உங்களோட வாறதைவிட ஒரு கைக்குழந்தையோட வரலாம்” என்றாள் மலர். எனக்கு எழுபத்தொரு வயது. கைக்குழந்தைக்கு இவ்வளவு கேள்வி கேட்கத் தெரியாது என்பதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

உள்ளே ஒரு மூலையில் கரம் பலகை வைத்திருந்தார்கள். பத்தொன்பது காய் இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுத்தான். குறைந்த ஒன்றுக்குப் பதிலாக ஒரு போத்தல் மூடி. யாரோ மாவைத் தூவிக் கையால் பரப்பினார்கள். அந்த மாவின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஞாபகம் வந்தது கரம் அல்ல, கோலால் பந்தைக் குழிக்குள் தள்ளுகிற பூல் மேசை. கோலின் நுனியில் தேய்க்கிற அந்த நீலச் சுண்ணக்கட்டி. அதற்குப் பின்னாலேயே சிட்னியின் நியூட்டவுனில் இருந்த ஒரு பப்பின் மரப்படியும் அதன் உச்சியில் நின்ற பெவ் என்கிற பெண்ணும் வந்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நானும் மலரும் ஹோம்புஷில் ஒரு இரண்டு அறை ஃபிளாட்டில் இருந்தோம். அவள் ஆஸ்பத்திரியில் தாதி. எனக்குக் கட்டட நிறுவனம் ஒன்றில் வேலை. ஒரு கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் தந்தால் அதற்கு எத்தனை கதவு, எத்தனை யன்னல், எத்தனை ஆயிரம் செங்கல் வேண்டும் என்று எண்ணிச் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட வேலைக்கு என்னைப் போல ஆள் வேண்டுமே என்று கடவுள் யோசித்திருக்கிறார் போலும். எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. தங்கச்சியை ஒப்பேற்றிவிட்டுத்தான் எனக்கு என்று இருந்தேன். பிறகும் நான் கட்டவில்லை. அதற்குத் தங்கச்சி காரணமல்ல, என் குணம்தான் காரணம்.

ஒரு பெண்பிள்ளை இந்த ஊரில் வேலை முடிந்து எங்கே போவாள், யாரோடு நிற்பாள் என்பதே என் முழுநேரக் கவலை. ஒருநாள் மலர் சொன்னாள், “அண்ணா, ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில நியூட்டவுனில ஒரு இடத்துக்குப் போறனான். பூல் விளையாடுற இடம்.”

“ஆம்பிளையள் வருவினமோ?”

“ஒருத்தரும் வரேலாது. மாடியில பெண்களுக்கு மட்டும்.”

நான் நேரே போய்ப் பார்த்தேன். கீழே வழக்கமான பப்தான். பக்கத்துக் கதவில் ஒரு பலகை தொங்கியது. மாடியில், ஞாயிறு பின்னேரம், பெண்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கொழும்பு ரயிலில் பெண்களுக்கு என்று தனிப்பெட்டி இருந்ததே, அதுபோல வெள்ளைக்காரரும் கட்டுப்பாடாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்று முதல் ஞாயிறு தவறாமல் நானே அவளை ரயிலில் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டுக் கீழே எலுமிச்சம்பழத் தண்ணீரும் பத்திரிகையுமாக உட்கார்ந்திருப்பேன். அதோடு நின்றேனா? ஹோம்புஷில் பெண்பிள்ளை வைத்திருந்த தமிழ்த் தாய்மார் பலருக்கும் அந்த இடத்தைச் சிபாரிசு செய்தேன். “ஆம்பிளை வாடையே இல்லை. பயமில்லாமல் அனுப்பலாம்” என்று. யாரும் அனுப்பவில்லை. பப் என்ற சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிற்போக்கானவர்கள் என்று அவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

மலர் நன்றாக விளையாடுவாள் என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நாட்களில் வேறு என்ன செய்வது? விறாந்தையில் கரம் பலகையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க விளையாடுவோம். ஒழுங்கையில் அவளை வென்றவர் இல்லை. மேசை பெரிதானதும் கை கோலுக்கு மாறியதும்தான் வித்தியாசம். மூலைக்குழி எங்கேயும் மூலைக்குழிதானே. மாடியில் அவளுக்கு மல் என்று பெயர். வெள்ளைக்காரருக்கு ஒரு பெயரில் இரண்டு எழுத்துக்குமேல் சுமக்க முடியாது. கரும்பலகையில் ஆட்ட வரிசையை எழுதுவது சாம். மலரோடு சோடி சேர்ந்து ஆடுவது ஜூட். உயரமான பிள்ளை, பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை படிப்பித்தாள். ஜூட்டை நான் வாசலில் பலதரம் கண்டிருக்கிறேன். தங்கச்சிக்கு நல்ல சிநேகிதி கிடைத்திருக்கிறாள் என்று அம்மாவுக்குக் கடிதத்திலும் எழுதினேன்.

இந்த நேரத்தில்தான் மெல்பேர்ணிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் கணக்காளர். தகப்பன் இல்லை. தாய் இராசமணி அன்ரி, கண்டிப்பான மனுசி என்று பேர். யாழ்ப்பாணத்தில் அம்மாவும் அப்பாவும் முடிவு கேட்டு வாரத்துக்கு ஒரு கடிதம் போட்டார்கள். மலர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால், “பாப்பம் அண்ணா” என்பாள். வெட்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நீண்ட வார இறுதியில் அவர்கள் சிட்னிக்கு ஒரு கலியாண வீட்டுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. முதல்நாள் ஞாயிறு, மலரை நியூட்டவுனில் விட்டுவிட்டு, வீட்டைத் துப்புரவாக்கலாம் என்று அன்று மட்டும் நான் ஃபிளாட்டுக்குத் திரும்பிவந்திருந்தேன். கதவு தட்டுப்பட்டது. திறந்தால் இராசமணி அன்ரி காஞ்சிபுரச் சேலையில் நிற்கிறார். பின்னால் பையன்.

“இந்தப் பக்கத்தாலை வந்தனாங்கள் தம்பி. எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டு. பிள்ளை எங்க?”

வேறு யாராவது என்றால் பொய் சொல்லியிருப்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். “ஞாயிற்றுக்கிழமையில ஒரு மகளிர் இடத்துக்குப் போறவள் அன்ரி. ஆம்பிளையள் ஒருத்தரும் உள்ளுக்கு ஏலாது. அவ்வளவு கட்டுப்பாடு.”

அன்ரியின் முகம் மலர்ந்தது. “இந்தக் காலத்தில இப்பிடியும் ஒரு பிள்ளையோ! கூட்டிக்கொண்டு போம், ஒருக்காப் பாப்பம்.”

ஆக, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் தாயையும் அவர்கள் காரிலேயே வழி சொல்லி, லெஸ்பியன் பாருக்கு அழைத்துப் போன ஒரே தமையன் இந்தத் தெற்குப் பாதி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

படியின் உச்சியில் பெவ் நின்றாள். லொறி ஓட்டினவள், கைகள் இரண்டும் உலக்கை மாதிரி. அன்ரியின் சேலையைப் பார்த்துவிட்டு, “என்ன அழகு, வா டார்லிங்” என்று கதவை விரித்துப் பிடித்தாள். எங்களைப் பார்த்து, “லவ், நீங்கள் இரண்டு பேரும் கீழே” என்றாள். “பாத்தீரே தம்பி கட்டுப்பாட்டை?” என்று நான் பையனிடம் சொன்னேன். அவன் போய் ஒரு பெரிய கிண்ணம் உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்கி, ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கினான்.

சிப்ஸ் முடிந்தது. அன்ரி வரவில்லை. மேலே ஏதோ உருண்டது. பிறகு ஒரே சிரிப்பு, கைதட்டல்.  அன்ரி வழுக்கி விழுந்துவிட்டாரோ? படியை நோக்கி நான் எழும்பின நேரம் அவரே இறங்கிவந்தார். சேலைத் தலைப்பில் நீலச் சுண்ணம். மகனைக் காருக்கு அனுப்பிவிட்டு என் முன்னால் இருந்தார்.

“தம்பி, பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனா எங்கட பெடியனுக்குச் சரிவராது.”

எனக்குச் சுள்ளென்றது. “என்ன குறையைக் கண்டனீங்கள் அன்ரி?”

“ஒரு குறையுமில்லை. நான் வீட்டில சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லுவன். உம்மட அம்மாவுக்கும் அப்பிடியே எழுதுவன். ஆரும் கேட்டா நீரும் அதைத்தான் சொல்லவேணும்.” எழும்பிப் போகிறபோது திரும்பி, “நீர் ஒருக்கா மேல போய்ப் பாரும். போய்க் கத்தாதையும்” என்றார்.

மேலே நடந்ததை மலர் பிறகு சொன்னாள். அன்ரி உள்ளே போன நேரம் ஜூட் மலரின் பின்னால் நின்று, அவள் கோலைப் பிடித்துக் குனிய, முகத்தில் விழுந்த தலைமயிரை ஒதுக்கிக் கிளிப் குத்திக்கொண்டிருந்தாளாம். இன்னொரு மூலையில் இரண்டு பேர் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். புகைப்படத்தில் மட்டும் கண்ட வருங்கால மாமியார் வாசலில் நிற்பதைக் கண்டு மலர் கோலும் கையுமாக விறைத்துப்போனாள். அன்ரி ஒரு கதிரையில் இருந்து ஆறுதலாக எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு எழும்பி மேசைக்கு வந்தார்.

“இது கரம்தானே பிள்ளை? கொஞ்சம் பெரிய பலகை.”

“ஓம் அன்ரி” என்றாள் மலர்.

“கொண்டா அந்தத் தடியை.” முதல் அடியிலேயே அன்ரி பந்தை மூலைக்குள் போட்டாராம். கீழே எங்களுக்குக் கேட்ட கைதட்டல் அதுதான். பிறகு மலரை யன்னலோரம் கூட்டிப்போய், “உனக்கு இஞ்ச சந்தோசமோ?” என்று கேட்டிருக்கிறார். மலர் ஓம் என்று தலையாட்டினாள். “அண்ணருக்குத் தெரியுமோ?” இல்லை. “தெரிஞ்சா?” அதற்கும் மலர் பதில் வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டால் அதே கிழமை பேர்த்துக்குப் போவது என்று அவளும் ஜூட்டும் முடிவு செய்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மாற்றமும் கேட்டு வைத்திருந்தாள். பேர்த் என்றால் கண்டத்தின் அடுத்த கரை. கண்காணாத இடம்.

இது எதுவும் தெரியாமல் நான் படியேறினேன். பெவ் கையைக் குறுக்கே போட்டாள். “லவ், பெண்களுக்கு மட்டும்.” தங்கச்சியைப் பார்க்கவேண்டும் என்றேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஆண் அவசரத்துக்கு உள்ளே வருவதென்றால் உள்ளே இருக்கிற ஒருத்தி அவனுக்குப் பொறுப்பு நிற்கவேண்டும். பெவ் உள்ளே திரும்பி, “மல், இந்த ஆள் உன்னுடைய ஆளா?” என்று கத்தினாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மலர் என்னைப் பார்த்தாள்.  அப்போதுதான் அவள் பக்கத்தில் ஜூட் நின்ற விதத்தைப் பார்த்தேன். ஒரு நாள்கூடச் சிநேகிதியர் அப்படி நின்று நான் கண்டதில்லை. யாரோ அடிக்க வந்தால் குறுக்கே பாய்கிற மாதிரி நின்றாள். அடிக்க வந்திருக்கிறவன் நான்தான் என்பது விளங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

“ஓம். என்ர அண்ணா” என்றாள் மலர். தமிழில்தான் சொன்னாள். பெவ்வுக்கு அது போதும், கையை எடுத்தாள்.

உள்ளே போனேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானோ, பழக்கதோஷம், அறையைப் பார்த்தேன். ஆட்கள் அறுபதுக்குக் கிட்ட. யன்னல் மூன்று, மூன்றும் பெயின்ட் பூசி இறுகிப்போனவை. பின்பக்கம் ஒரு கதவு, அதை மறைத்துக் கதிரைகள் அடுக்கியிருந்தன. ஒரேயொரு படி, அதுவும் மரத்தில். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“இந்த மாடிக்கு இறங்க ஒரு வழிதான் இருக்கோ? நெருப்புப் பிடிச்சா என்னெண்டு வெளியில வருவியள்?”

மலர் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணா, உங்களுக்கு இதுவோ இப்ப கேக்கவேண்டிய கேள்வி?” என்றாள்.

“வேற என்ன கேக்கிறது? அறுபது பேர் இருக்கிறியள்.”

ஜூட் என்ன என்று கேட்க மலர் ஆங்கிலத்தில் சொன்னாள். ஜூட் போய் மற்றவர்களுக்குச் சொன்னாள். அறை முழுக்கச் சிரித்தது. ஆனால் பெவ் சிரிக்கவில்லை. போய் அந்தப் பின்கதவைப் பார்த்தாள், கையால் அடுக்கைத் தள்ளினாள். நானும் கைகொடுத்தேன். கதிரைகள் இருபத்திரண்டு. கதவு திறந்தபோது அதற்குப் பின்னால் இரும்புப்படி ஒன்று துருப்பிடித்துக் காத்திருந்தது.

அன்று வீட்டுக்குப் போகிற ரயிலில் ஸ்ட்ராத்ஃபீல்ட் தாண்டினபிறகு நான் கேட்டேன், “அந்தப் பிள்ளைக்கு நிரந்தர வேலையோ?”

“ஓம்.”

“குடிக்கிறவளோ?”

“அண்ணா, பப்பில நிண்டு நெருப்பைப் பற்றிக் கேட்டனீங்கள், ஆனா குடிக்கிறவளோ எண்டு கேக்க ரயில் வரைக்கும் வந்திட்டியள்.”

அடுத்த கிழமை அவள் ஆஸ்பத்திரியில் மாற்றக் கடிதத்தைத் திருப்பி வாங்கினாள். பேர்த் பற்றியும் அப்போதுதான் என்னிடம் சொன்னாள்.  அவ்வளவு தூரம், அதுவும் ரயிலில் மூன்று நாள்.

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் நான் கீழேதான். விதி விதிதான், பெவ் எனக்காக அதை மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் படியின் உச்சியிலிருந்து, “பின்கதவு திறந்திருக்கு, லவ்!” என்று கத்துவாள். பப் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அதைக் கேட்டபிறகுதான் எலுமிச்சம்பழத் தண்ணீர் இறங்கும்.

அந்த இடம் ஒரே நாளில் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது மாதத்துக்கு ஒன்றானது. வந்தவர்களில் பாதிப்பேர் பிள்ளை பெற்று, வாடகை கட்டுப்படியாகாமல் மலைப்பக்கம் போனார்கள். இளம் பிள்ளைகள் போனிலேயே ஆளைத் தேடிக்கொண்டார்கள். கட்டடம் கைமாறியது. இப்போது அந்த மாடியில் தொங்கும் செடிகளும், உட்காரவே முடியாத உயரக் கதிரைகளும். யாரும் யாரோடும் வரலாம். பூல் மேசை இருந்த இடத்தில் சீஸ் வைத்திருக்கிறார்கள்.

கழகத்து மண்டபத்தில் இதைப் பற்றி ஜூட்டும் சாமும் ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பார்கள். வாசலில் நின்று ஆட்களை எண்ணுகிற பொறுப்பு சாமுக்கு. அன்று மாடியில் பெண்ணாக நின்ற சாம் இப்போது ஆணாக மாறி, நரைத்த தாடி வைத்த மனிதர். “எங்களுக்கு என்று ஒரு அறைகூட இந்த நகரத்தில் மிச்சமில்லை” என்பாள் ஜூட். “அந்த அறைக்குள் இன்று பெவ் என்னை விடுவாளா, சொல்” என்பார் சாம். “நான் உனக்குப் பொறுப்பு நிற்பேன்” என்பாள் ஜூட். “என் சொந்த வீட்டுக்குள் போக எனக்கு எதற்குப் பொறுப்பு?” என்பார் சாம். இரண்டு பேர் சொல்வதும் சரி என்று எனக்குப் படுகிறது. அதைச் சொன்னால் இரண்டு பேரும் என்மேல் பாய்கிறார்கள். பிறகு ஒரே கிண்ணத்தில் சிப்ஸ் தின்கிறார்கள்.

போன சனிக்கிழமை பென்டில் ஹில்லில் இருந்து வந்த ஒரு அம்மா, திருச்சிக்காரர், என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, “அங்கிள், உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல பொண்ணு யாராவது இருந்தா சொல்லுங்க. என் பொண்ணுக்குத்தான்” என்றார்.

“எப்பிடிப்பட்ட பிள்ளை வேணும்?”

“சைவமா இருந்தா நல்லது. இல்லாட்டியும் பரவாயில்ல, கொஞ்சம் சமைக்கத் தெரிஞ்சா போதும். இவ முட்டைகூடக் கருக்கிடுவா.”

“அம்மா, ஸ்டாப் இட்!” என்று கரம் பலகையிலிருந்து ஒரு குரல். மண்டபத்துக்கே கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாவும் குரலைத் தாழ்த்தவில்லை. தொடர்ந்து உயரம், படிப்பு எல்லாம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படுத்தபிறகு எனக்கு இராசமணி அன்ரியின் ஞாபகமாகவே இருந்தது. அந்தச் சாதகப் பொய்யை அவர் கடைசிவரை காப்பாற்றினார். அம்மாவும் அப்பாவும் அதை நம்பியே போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் மெல்பேர்ணிலிருந்து எனக்குப் போன் எடுப்பார். பின்னால் அவருடைய வீட்டுச் சத்தம் கேட்கும், மருமகள், பேரப்பிள்ளைகள். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்துவார். அது எனக்குக் கேட்கும். பிறகு குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி சுகமோ?” என்பார். சுகம் என்பேன். “மற்றப் பிள்ளையும்?” என்பார். மற்றப் பிள்ளையும் சுகம் என்பேன். “சரி, வைக்கிறன்.” அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அதற்குமேல் ஒரு சொல் பேசியதில்லை. மலருக்கும் ஜூட்டுக்கும் இந்தப் போன் தெரியாது. சொல்லவேண்டாம் என்று அன்ரி கேட்டதில்லை. ஏனோ நான் சொல்லவில்லை.

போன வருஷச் சித்திரையில் குரல் நன்றாகத் தளர்ந்திருந்தது. அந்த முறை குசினிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “தம்பி, ஜூட் சுகமோ?” என்று கேட்டார். பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிறகுதான் தங்கச்சியைக் கேட்டார்.

இந்த வருஷம் சித்திரை பிறந்து, பொழுதுபடும்வரை நான் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மெல்பேர்ணிலிருந்து மணி அடிக்கவில்லை.